காலையில் மட்டும் நிற்கிற வேன்

நுரைச்சோலையைத் தாண்டி, மின்சாரக் காற்றாடிகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகிற வளைவில், புதன்கிழமை காலை சரியாக ஏழு மணிக்கு ஸபீனாவின் வேன் நின்றுபோனது. இருமவில்லை, குலுங்கவில்லை. கதைத்துக்கொண்டிருந்த மனிசன் கதை நடுவில் கண்ணயர்ந்துவிட்டதுபோல எஞ்சின் சத்தம் அடங்கியது. ஸபீனா இருந்த வேகத்திலேயே வேனை மணல் ஓரத்துக்கு உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த கொப்பியை எடுத்து, ‘7.00, அதே வளைவு’ என்று எழுதினாள்.

பின்னால் எட்டு டீச்சர்மார் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாலு வார்த்தை ஏசினாலும் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

“எழுதிட்டீங்களா?” என்று கடைசியில் மர்ளியா டீச்சர் கேட்டார். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் அவருடைய இடம். எட்டுப் பேருக்கும் அவர்தான் வாய். “எழுதி முடிஞ்சா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.”

பண்ணிப் பார்த்தாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை.

“இந்த வளைவில என்னமோ ஈக்கி,” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “நாலு தரமும் இதே இடம். ஓதித்தான் ஊதோணும்.”

“நான் அண்டைக்கே சொன்னன், டயருக்குக் கீழ நாலு தேசிக்காய் வைப்பம் எண்டு,” என்றார் கஜலக்ஷ்மி டீச்சர். அவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

“இதையும் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக் குடுக்கிறீங்களா டீச்சர்?” என்றார் மர்ளியா.

“பரீட்சைக்கு வராது. வாழ்க்கைக்கு உதவும்.”

அவர்கள் சிரித்தாலும் கண் கைக்கடிகாரத்தில்தான் இருந்தது. ஏழரைக்குள் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து விழவேண்டும். ஏழரை ஆனதும் அதிபர் அடிமட்டத்தை வைத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்துவிடுவார். அதற்குக் கீழே எழுதுகிற பெயர் பிந்தி வந்த பெயர். அப்படிப் பல நாள் சேர்ந்தால் லீவில் கழியும். கழிகிறதைவிட, அந்தக் கோட்டுக்குக் கீழே தலை குனிந்து கையெழுத்து வைப்பதுதான் இருபது வருடம் படிப்பித்தவர்களுக்குத் தாங்காது.

ஏழு பதினெட்டுக்கு, யாரும் ஓதாமலும் ஊதாமலும், வேன் தானாகப் பிடித்தது. ‘18 நிமிடம்’ என்று எழுதிவிட்டு ஸபீனா கியரைப் போட்டாள். ஏத்தாளை தாண்டிப் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது ஏழு முப்பத்தாறு.

மற்றவர்கள் கேற்றுக்குள் ஓடிய பிறகும் மர்ளியா டீச்சர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“ஸபீனா, உங்கள்ள எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. உங்கட வேன்லதான் குறை. நாளைக்கும் நாளாண்டைக்கும் ஜவாஹிர்ட வேன்ல போறம். திங்கக்கிழமை உங்களோட வந்து பாக்கிறம். அண்டைக்கும் இப்பிடி எண்டா, பிறகு கோவிச்சிக்கொள்ளப்படாது.”

“கோவமில்ல டீச்சர்.”

“எட்டுப் பேரும் சேந்து எடுத்த முடிவு. நான் மட்டும் சொல்லல்ல.”

எட்டுப் பேரும் போனால் வேனும் போகும். அதில் ஸபீனாவுக்குச் சந்தேகமில்லை. அவளுடைய புருஷன் றஸீன் கட்டாரில் தண்ணி பவுசர் லொறி ஓட்டுகிறான். ஊருக்கு வந்த பிறகு தான் ஓடலாம் என்று அவன் வாங்கிப் போட்ட வேன் அது. மூன்று மாதம் முற்றத்தில் சும்மா நின்று பூனை குட்டி போட்டதைப் பார்த்துவிட்டு, ஸபீனா போய் லைசன்ஸ் எடுத்தாள். அது நடந்து ஆறு வருடம். ஸ்டீரிங்கில் ஒரு பொம்பிளையைக் கண்டு பாலாவிச் சந்தியில் சிரித்தவர்கள் இப்போது வழிவிட்டுக் கையசைக்கிறார்கள். விடிய ஆறரைக்குப் புத்தளத்திலிருந்து புறப்பட்டு, உப்புக் குவியல்களைக் கடந்து கற்பிட்டி றோட்டுக்குத் திரும்புகிற அந்த நிமிடத்தில், இது என்ட வேலை, என்ட பாதை என்று ஒரு நிமிர்வு அவளுக்கு வரும். அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

றஸீனின் குரல் முந்திய நாளே வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. “பம்ப மாத்தியும் நிக்கிதெண்டா அது ராசியில்லாத வேன் புள்ள. மதுரங்குளியில ஒராள் கேக்கிறார். டீச்சர்மாரும் போறெண்டா குடுத்திருவம். நீ ஊட்டோட இரு, ஏன் இந்தக் கரைச்சல்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ‘ஊட்டோட இரு’ சோற்றில் அகப்பட்ட மணல்போல நறநறத்தது. அவள் பதில் அனுப்பவில்லை.

பள்ளி விட்டதும் டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். வழக்கம்போல ஸுஹைப் நானாவின் றோட்டோர மீன் தட்டிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்கள். கரைவலையில் வந்த சூடையையும் பாரையையும் ஐஸ் போட்டு, சொப்பிங் பேக்குகளில் கட்டி, வேனின் பின்கதவைத் திறந்து அடுக்கினார்கள். புத்தளம் வரைக்கும் வேன் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் வந்து சேர்ந்தது. காலையில் வில்லங்கம் பண்ணியது வேறு யாருடையதோ வேன் என்பதுபோல.

எல்லாரையும் இறக்கிவிட்டு அவள் நேரே பாலாவிக்குத் திருப்பினாள். அங்கே தர்சனின் தகரக் கொட்டில் இருக்கிறது. அவன் எஞ்சினைத் தொடமாட்டான். வாகனத்து வயர் வேலை மட்டும்தான். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ஆள் முப்பத்தைந்து வயதுக்குள், சிரிக்காமல் பகிடி விடுகிறவன்.

ஸபீனா கொப்பியை நீட்டினாள். அவன் கைகளைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தான்.

“அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறவையும் இப்பிடி எழுதிக்கொண்டு போனால் டொக்டர்மாருக்குப் பாதி வேலை மிச்சம். காலையில மட்டுந்தான் நிக்குதோ?”

“ஓம் தம்பி. பின்னேரம் வாற வெயிலுக்கும் நிக்கல்ல.”

“எல்லாருக்கும் வெயிலுக்குத்தான் தலை சுத்தும். உங்கட வேனுக்கு விடியக்காலமையோ? என்னென்ன மாத்தினவை?”

“டவுன்ல ஒரு பெரிய கராஜ்ல பம்ப மாத்தின. பிறகு ஃபில்ட்டர். பிறகு ரிலே.”

“பழைய பம்ப் பழுது எண்டு சோதிச்சுக் காட்டினவையோ?”

“காட்டல்ல.”

“பாவம் அந்தப் பம்ப். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை.” கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்தான். “ஓடுற வேனைப் பாத்து வருத்தம் சொல்லேலாது. அது நிக்கேக்க நான் பக்கத்தில நிக்கவேணும்.”

ஸபீனா யோசித்தாள். “எப்ப நிண்டாலும் முப்பது நிமிஷம் ஓடினாப் பிறகுதான் நிக்கிது. புத்தளத்தில இருந்து வந்தா அந்த வளைவு. இங்க பாலாவில இருந்து ஆறின எஞ்சினோட போனா, ஏத்தாளைக்குக் கிட்ட நிக்கோணும். அப்பிடி நிண்டா வளைவுல ஒண்டும் இல்ல.”

“நீங்களே நாள் நேரம் குறிச்சிட்டீங்கள். நாளைக்கு ஒன்பது மணி. நான் மோட்டார் சைக்கிள்ல பின்னால வாறன்.”

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் புறப்பட்டார்கள். முன்னால் வெறும் வேன், பின்னால் தோளில் பையோடு தர்சன். டீச்சர்மார் இல்லாத வேனுக்குள் ஏதோ கல்யாணம் முடிந்த வீட்டுக்குள் இருப்பதுபோல இருந்தது. நுரைச்சோலை வளைவு வந்தது. வேன் திரும்பியும் பார்க்காமல் அதைக் கடந்து போனது. ஒன்பது முப்பத்தொன்றுக்கு, வெங்காயத் தோட்டம் ஒன்றின் வேலியோரமாக, எஞ்சின் அடங்கியது.

தன்னுடைய வேன் நின்றதற்காக ஸபீனா சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்கு ஒருநாள்தான்.

தர்சன் வந்து இறங்கினான். “திறப்பைப் போடுங்கோ, ஸ்டார்ட் பண்ணவேண்டாம். காது குடுத்துக் கேளுங்கோ.”

இருவரும் கேட்டார்கள். சாதாரணமாகத் திறப்பைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் ரெண்டு செக்கன் நுளம்பு இரைகிறதுபோல ஒரு சத்தம் வரும். பெற்றோல் பம்பின் சத்தம் அது. இன்றைக்கு வெங்காயத் தோட்டத்துத் தண்ணி மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவன் சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகிற பிளக்கைக் கழற்றி, சோதிக்கிற லாம்பை அதில் வைத்து, மறுபடி திறப்பைப் போடச் சொன்னான். லாம்ப் எரியவில்லை. பிறகு பற்றரியிலிருந்து தனியாக இரண்டு வயரைக் கொண்டுவந்து பம்புக்கு நேரே கொடுத்தான். நுளம்பு இரைந்தது.

“பம்ப் நல்ல சுகம். பட்டினிதான். சோறு போகேல்லை.”

“அப்ப பியூஸா?”

“பியூசும் பாத்தன், நல்லாயிருக்கு. அக்கா, முந்தின வேன்களில ஸ்விட்சைப் போட்டால் பம்ப் ஓடும், அவ்வளவுதான். இதில நடுவில ஒரு பெட்டி இருக்கு. பம்ப் கொன்ட்ரோல் மொடியூல் எண்டு சொல்லுவினம். எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் வேணும் எண்டு பாத்து, அந்த அளவுக்குத்தான் பம்புக்குக் கரன்ட் விடும். கல்யாண வீட்டில இறைச்சிச் சட்டியோட நிக்கிறவர் மாதிரி. அவர் மயங்கி விழுந்தால் பந்தியில ஒருத்தருக்கும் சாப்பாடு இல்லை.”

“அது எங்க ஈக்கி?”

“பின்னுக்கு. கீழ.”

மணலில் சாக்கு விரித்து அவன் வேனின் பின்பக்கம் மல்லாந்து நுழைந்தான். ஸ்பெயார் டயரை இறக்கி வெளியே உருட்டிவிட்டான்.

“அக்கா, பெட்டிக்குக் கரன்ட் வருகுது. ஏர்த்தும் இருக்கு. ஆனால் பெட்டியில இருந்து ஒண்டும் வெளிய போகேல்லை. கை வைக்கேலாத சூடு. ஒரு துணியைத் தண்ணியில நனைச்சுத் தாங்கோ.”

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் துணியை நனைத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பெட்டியில் சுற்றிப் பிடித்தான். இரண்டு நிமிடம் போனது.

“இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ.”

ஒரே சுற்றில் பிடித்தது. பதினெட்டு நிமிடம் கேட்கிற வேன் ஈரத் துணிக்கு இரண்டே நிமிடத்தில் எழும்பிவிட்டது. ஸபீனா இறங்கிவந்து, அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். உள்ளங்கை அளவு பெட்டி. அலுமினிய உடம்பு இரும்புச் சட்டத்தோடு ஒட்டி இறுக்கியிருந்தது. ஒட்டின இடம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, ஒரு மூலை பிஸ்கட்போல உதிர்ந்து, நடுவில் வெடிப்பு. அதற்கு நேர் மேலே வேனின் தரைத் தகட்டில் ஒரு ரூபாய் நாணயக் குத்தி அளவு வட்ட ஓட்டை. றப்பர் மூடி இருந்திருக்கவேண்டிய இடம். ஓட்டையிலிருந்து பெட்டி வரைக்கும் காய்ந்த உப்புக் கோடுகள் இறங்கியிருந்தன.

“கடல் காத்துக்கு இப்பிடி ஆகுமா தம்பி?”

“கடல் காத்து எல்லா இடத்திலயும் சமனாப் படும். இது மேல இருந்து ஊத்தினது.” அவன் ஓட்டையின் விளிம்பிலிருந்து எதையோ நகத்தால் சுரண்டி எடுத்து அவளிடம் நீட்டினான். மினுங்குகிற சின்னச் செதில். “சூடை மீன்.”

ஸபீனா சாக்கின் ஓரத்தில் அப்படியே குந்திவிட்டாள். மீன். ஒவ்வொரு பின்னேரமும் பின்கதவைத் திறந்து அடுக்குகிற மீன். ஐஸ் உருகி, பேக் ஒழுகி, உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்த ஓட்டைக்குள்.

பிறகு அவளுக்குள் இன்னொன்று ஓடியது. எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்துவந்தாள். பின் அட்டையில் தனியாக, ஐந்தாவதாக ஒரு குறிப்பு இருந்தது. போன கிழமைக்கு முந்தின கிழமை, பகல் பன்னிரண்டு ஐந்து, கரம்பைக்குக் கிட்ட. அன்றைக்கு டீச்சர்மார் இறங்காமல் உள்ளேயே இருந்து வியர்த்தார்கள். சூட்டுக்கு நின்றிருக்கும் என்று நினைத்து அவள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“தம்பி, திரும்பி வரக்குள்ள ஒரே ஒரு நாள் நிண்டிருக்கி. அது வெள்ளிக்கிழமை, பள்ளி வெள்ளன விடுற நாள்.”

“வெள்ளிக்கிழமைக்கு என்ன?”

“எங்கட ஆக்கள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போறல்ல. வலை இல்ல, மீன் இல்ல. அண்டைக்குப் பின்னுக்கு ஒண்டும் ஏத்தல்ல.” அவள் குரல் மெதுவானது. “மத்த நாள் எல்லாம் ஐஸ் தண்ணி இதுல சொட்டி, நீங்க இப்ப துணி சுத்தின மாதிரி, ஆத்திக்கொண்டே வந்தீக்கி.”

தர்சன் வேனுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி அவளைப் பார்த்தான். “கொல்லுறதும் அதுதான், வைத்தியம் பாக்கிறதும் அதுதான். அக்கா, நீங்கள் கராஜ் போட்டால் நான் கடையைப் பூட்டிப்போட்டு உங்களிட்ட வேலைக்கு வாறன்.”

துணியை நனைத்து நனைத்துக் கட்டி வேனைப் பாலாவிக்குக் கொண்டுவந்தார்கள். தர்சன் பெட்டியைக் கழற்றி, அதிலிருந்த இலக்கத்தைத் துடைத்துப் படம் எடுத்து, சிலாபத்தில் பழைய ஜப்பான் வேன்களைப் பிரித்து விற்கிற ஒருவருக்கு அனுப்பினான். பிறகு சிங்களத்தில் பத்து நிமிடம் கதைத்தான். ஸபீனாவுக்கும் சிங்களம் தெரியும். ஒரே இலக்கம்தான் வேண்டும், கிட்டத்தட்ட என்பது வேண்டாம் என்று அவன் நாலு தரம் சொன்னதை அவள் எண்ணிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு சிலாபத்துக்காரர் பஸ் இலக்கத்தையும் கண்டக்டரின் போன் நம்பரையும் அனுப்பினார். இந்தப் பக்கத்தில் சாமான் வருகிற முறை அதுதான். கடையில் கொடுத்தால் பஸ் கொண்டுவரும், சந்தியில் நின்று கை நீட்டி வாங்கவேண்டும். ஸபீனா பாலாவிச் சந்தியில் ஒரு மணித்தியாலம் காத்து நின்றாள். பஸ் முழுசாக நிற்கவில்லை. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி தேயிலைப் பெட்டி ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

கொட்டிலில் பிரித்தார்கள். அதே அளவு, அதே நிறம், பிளக்கும் அச்சாய்ப் பொருந்தியது. ஸபீனா சாக்கை விரிக்கத் தொடங்கிவிட்டாள். தர்சன் மட்டும் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கடைசி எழுத்து வேற.”

“ஒரு எழுத்துத்தானே தம்பி. பிளக் போகுதே.”

“பெரிய எஞ்சின் வேனுக்கு உரியது அக்கா. போட்டால் ஓடும். பம்புக்குக் கூடக் கரன்ட் போகும். மூண்டு மாதத்தில புதுப் பம்ப் எரியும். அப்ப நீங்கள் என்னைத்தான் ஏசுவீங்கள், நியாயமாயும் இருக்கும்.”

“திங்கக்கிழமை டீச்சர்மார் வாறாங்க. திங்கக்கிழமை மட்டும் தாங்கினா?”

அவன் இரண்டு பெட்டிகளையும் அவள் முன்னால் தள்ளி வைத்தான். ஸபீனா பொருந்திய பிளக்கைப் பார்த்தாள். இரண்டு போல்ட், பத்து நிமிட வேலை. திங்கட்கிழமை ஏழு பதினெட்டுக்குப் பள்ளிக்கூட வாசல். பிறகு ஒருநாள் காலை மறுபடி அந்த நிசப்தம். பெரிய கராஜ்காரர் செய்ததைத்தான் தானும் செய்யப்போகிறாள் என்று பட்டது.

“திருப்பி அனுப்புங்க,” என்றாள்.

அடுத்த பெட்டி வந்தபோது சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. இலக்கத்தை இந்தத் தரம் ஸபீனா வாசித்தாள், தர்சன் பழையதைப் பார்த்துச் சரி சொல்லிக்கொண்டே வந்தான். கடைசி எழுத்தில் இருவரும் ஒரு கணம் நிறுத்தினார்கள். சரியாக இருந்தது.

அவன் முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றினான். சட்டத்தில் பூத்திருந்த துருவையும் உப்பையும் சுரண்டிப் பெயின்ற் அடித்துக் காயவிட்டான். பழைய டியூப்பில் தடிப்பான றப்பர் வளையங்கள் வெட்டி, பெட்டிக்கும் இரும்புக்கும் நடுவில் கொடுத்து, நீளமான போல்ட் போட்டு இறுக்கினான். இப்போது பெட்டி இரும்பைத் தொடவில்லை, நடுவில் ஒரு விரல் காற்று போகும். பிளக்கின் ஊசிகளுக்குக் கிறீஸ் பூசினான். தரை ஓட்டைக்குப் புது றப்பர் மூடி தட்டி, சுற்றிவரப் பசை வைத்தான்.

“முடிஞ்சுது. ஆனால் அக்கா, ஒரு சொல். ஓட்டையை அடைச்சிட்டன். தண்ணி அடைச்ச இடத்தில நிக்காது, வேற வழி தேடும். தையல் இடுக்கு இருக்கு, போல்ட் துவாரம் இருக்கு. இதுவும் ஒரு வருஷத்தில பூக்கும். மீன் தண்ணி அந்தத் தகட்டில விழவே கூடாது.”

“ம்,” என்றாள் ஸபீனா.

ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கற்பிட்டி வரைக்கும் போய், இறங்காமல் நிறுத்தாமல் திரும்பிவந்தாள். இரண்டு மணித்தியாலம். கொப்பியில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. வேன் அவ்வளவு நன்றாக ஓடியதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இனிமேல் வேனில் குறையில்லை. சொல்லவேண்டியது அவள் வாயில் இருந்தது. நீங்கள் வாங்குகிற மீன்தான் உங்களைப் பிந்த வைத்தது என்று எட்டு டீச்சர்மாரிடம், அதிலும் மர்ளியா டீச்சரிடம், எப்படிச் சொல்வது. கோபித்துக்கொண்டு ஜவாஹிரிடம் போனால் போனதுதான். சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் ஓடலாம். ஒரு வருடத்துக்குப் பிறகு அதே வளைவு.

திங்கட்கிழமை காலை மர்ளியா டீச்சர் ஏறியதும் பிஸ்மி சொன்னார். நுரைச்சோலை வளைவு வந்தபோது பின்னால் கதை நின்றது. எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. வளைவு போனது. பிடித்த மூச்சும் விடுபட்டது. ஏழு பதினேழுக்குப் பள்ளிக்கூட வாசல்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் மர்ளியா டீச்சர் இறங்கியபடி. “என்ன செஞ்ச?”

“பின்னேரம் சொல்றன் டீச்சர்.”

பின்னேரம் ஸுஹைப் நானாவின் தட்டிக்கு முன்னால் வேனை நிறுத்தினாள். எட்டுப் பேரும் இறங்கி, விலை பேசி, செவுள் தூக்கிப் பார்த்து, ஐஸ் சொட்டுகிற பேக்குகளோடு பின்கதவுக்கு வந்தார்கள். ஸபீனா கதவைத் திறக்கவில்லை. அதற்கு முன்னால் நின்றாள்.

“டீச்சர், ஒரு கதை சொல்லோணும். கோவிக்கப்படாது.”

பழைய பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். அதை விரித்துக் காட்டினாள். பெட்டி எங்கே இருந்தது, தண்ணீர் எங்கேயிருந்து விழுந்தது, காலையில் ஏன் நின்றது, பின்னேரம் ஏன் நிற்கவில்லை, வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று ஒழுங்காக, ஒன்றும் விடாமல், கடிதம் எழுதுகிறவள்போலச் சொல்லி முடித்தாள். “வேனைச் சரிப்படுத்தியாச்சு. இனி இந்தப் பேக்க பின்னுக்கு வைக்க விடமாட்டன். மீன் தண்ணி ஒரு சொட்டும் விழப்படாது.”

ஸுஹைப் நானா கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கஜலக்ஷ்மி டீச்சர்தான் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “அலுமினியம், இரும்பு, நடுவில உப்புத் தண்ணி,” என்றார். “போன தவணைதான் கரும்பலகையில கீறி விளங்கப்படுத்தினனான். பிறகு வந்து நானே அரைக் கிலோ பாரையைப் பின்னுக்கு வச்சிருக்கிறன்.”

“தேசிக்காய் வச்சிருந்தாக் கறிக்காவது உதவியிருக்கும்,” என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மர்ளியா டீச்சர் சிரிக்கவில்லை. “அப்ப, நாங்க வாங்கின மீன்தான் எங்களுக்குக் கோடு போட்டீக்கி எண்டு சொல்றீங்க.”

“ஓம் டீச்சர்.”

“இத நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரியவா போகுது.”

“தெரியாது.”

“நாங்க ஜவாஹிரோட போயிருவம் எண்டு பயமில்லையா?”

“பயந்தான் டீச்சர். ரெண்டு நாளா யோசிச்சிட்டுத்தான் சொல்றன்.”

மர்ளியா டீச்சர் கையிலிருந்த பேக்கைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் அவருடைய செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. “ஜவாஹிர்,” என்றார், அந்தப் பெயரை மெல்லுகிறவர்போல. “வியாழக்கிழமை இந்தத் தட்டிய நாங்க கண்ணாடியால பாத்துக்கொண்டு போன. நிப்பாட்டுங்க எண்டா, சீட்டு நாறும் எண்டார். அண்டைக்கு ஊட்ட முட்டைக்கறி. எங்கட மனிசன் ஒரு வார்த்த பேசல்ல, பிளேட்டத்தான் பாத்துக்கொண்டிருந்தார்.” பிறகு தட்டியின் பக்கம் திரும்பினார். “ஸுஹைப் நானா, மூடியோட பெயின்ற் வாளி ஈக்கா?”

“கழுவினது ரெண்டு ஈக்கி. நாளைக்கு எண்டா எட்டும் கொண்டாரன்.”

“இண்டைக்கு ரெண்டுல எட்டுப் பேர்ட மீனையும் போடுங்க. யாரோட மீன் யாருக்கு எண்டு புத்தளத்தில சண்ட புடிச்சிக்கொள்றம்.”

வாளிகள் மூடி இறுக்கி ஏறின. எல்லாரும் ஏறிய பிறகு மர்ளியா டீச்சர் கடைசியாக ஏறினார். ஸபீனா திறப்பைத் திருப்பியபோது முதுகுக்குப் பின்னால் அவருடைய குரல் வந்தது.

“வருஷ முடிவு வரைக்கும் உங்களோடதான் வாற. அதுக்குப் பிறகும் அப்பிடித்தான். ஆனா ஒண்டு, மழையோ வெயிலோ, இந்தத் தட்டியில நிப்பாட்டாமப் போனா, அண்டைக்கே இறங்கிருவன்.”

“வெள்ளிக்கிழமை தவிர,” என்றாள் ஸபீனா.

“வெள்ளிக்கிழமை தவிர.”

வேன் றோட்டில் ஏறியது. நுரைச்சோலையில் மரக்கறி வாங்க அவர்கள் இறங்கிய நேரத்தில், ஸபீனா போனை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்து, றஸீனுக்கு ஆறு நாளாகச் சொல்லாத பதிலைச் சொன்னாள். “மதுரங்குளி ஆளுக்கு வேன் இல்ல எண்டு சொல்லுங்க. நீங்க ஊருக்கு வந்தா ஓட இன்னொண்டு பாப்பம். இதுல எனக்கு வேல ஈக்கி.”